மலரைத் தடுக்காதே, கந்தசாமி

அங் மோ கியோ,
சிங்கப்பூர்

அன்புள்ள கந்தசாமி,

கடிதம் கிடைத்தது. தங்கச்சிக்கு முட்டுவலி குறைந்திருக்கிறது என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. இங்கே எல்லாரும் சுகம். பேரன் தொடக்கக் கல்லூரிக்குப் போய்விட்டான், வீட்டில் கண்ணிலேயே படுவதில்லை.

உன் மகள் மலருக்குச் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில், மின், கணினிப் பொறியியல் துறையில் ஆராய்ச்சி இடம் கிடைத்திருப்பதை எழுதிவிட்டு, கீழேயே "நாற்பது தாண்டியவளுக்கு இது தேவையா?" என்றும் கேட்டிருக்கிறாய். அதற்காகவே உட்கார்ந்து எழுதுகிறேன்.

வயதைப் பற்றிக் கேட்டாயே, நாற்பது தாண்டிப் புதிதாகத் தொடங்கிய ஒருவரைச் சொல்கிறேன். ஆரோக்கியசாமி பால்ராஜ் உன் ஊர்க்காரர்தான். 1944இல் பொள்ளாச்சியில் பிறந்தவர். பதின்ம வயதிலேயே கடற்படையில் சேர்ந்து, பணியில் இருந்தபடியே டெல்லி ஐ.ஐ.டி.யில் 1973இல் முனைவர் பட்டம் வாங்கினார். இடையில் 1971 போர். பாகிஸ்தான் நீர்மூழ்கியின் தாக்குதலில் நம் குக்ரி போர்க்கப்பல் மூழ்கியது நமக்கெல்லாம் நினைவிருக்கும். அதன்பின், கப்பல்களில் இருந்த சோனாரை, அதாவது ஒலியை வைத்து நீர்மூழ்கியைக் கண்டுபிடிக்கும் கருவியை, சீர்செய்யும் பொறுப்பு அவரிடம் வந்தது. பிறகு கொச்சியில் ஒரு குழுவை நடத்தி 'அப்சோ' என்ற சோனாரை உள்நாட்டிலேயே உருவாக்கினார். 1983இல் அது கடலுக்குப் போனது.

1991இல் கடற்படையை விட்டு அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டுக்குப் போனபோது அவருக்கு 47 வயது. அங்கே பேராசிரியர் தாமஸ் கைலாத்தின் ஆய்வுக்குழுவில் சேர்ந்தார். பல்கலைக்கழகமே அவருக்கு முழுநேர வேலையானது அப்போதுதான், கந்தசாமி! உலகம் இன்று அவரை அறிந்திருப்பது அதற்குப் பிறகு செய்த வேலைக்காக.

அது என்ன வேலை என்பதையும் சொல்லிவிடுகிறேன். பணிக்காலம் முழுக்கத் தொலைத்தொடர்பில் இருந்தவன் என்பதால் இதில் எனக்குத் தனி ஈடுபாடு உண்டு. இங்கே அடுக்குமாடி வீடுகள் நெருக்கமாக நிற்கும். ரேடியோ அலை ஒரு சுவரில் பட்டு, இன்னொன்றில் திரும்பி, பல வழிகளில் முன்னும் பின்னுமாக வந்து சேரும். அப்படி வருபவை ஒன்றையொன்று கெடுத்துவிடும். அந்தச் சிதறலை எப்படிச் சமாளிப்பது என்பதுதான் எங்கள் தலைவலி. அவரோ அந்தச் சிதறலையே கருவியாக்கினார். சந்தையில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் கூவினாலும், ஒவ்வொரு குரலும் உன் இரண்டு காதுகளிலும் வேறு வேறு விதமாகத்தான் விழும். அந்த வேறுபாட்டை வைத்தே பிரித்துவிடலாம். அதேபோல ஒரே அலைவரிசையில், ஒரே நேரத்தில், பல ஆன்டெனாக்களிலிருந்து வெவ்வேறு தகவலை அனுப்பு. வாங்கும் பக்கமும் பல ஆன்டெனா வை. பிரிக்கும் வேலையைக் கணக்கு பார்த்துக்கொள்ளும். கூடுதல் அலைவரிசை வாங்காமலே வேகம் பெருகும். இதற்கு மைமோ என்று பெயர். அவரும் கைலாத்தும் 1992இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்கள், 1994இல் கிடைத்தது.

துறையில் பலர் முதலில் நம்பவில்லை. அவரே நிறுவனம் தொடங்கிச் செய்துகாட்டினார். 2003இல் அதை இன்டெல் வாங்கியது. இன்று வீட்டு வைஃபை, 4ஜி, 5ஜி எல்லாவற்றிலும் மைமோ இருக்கிறது. 2010இல் பத்மபூஷண், 2014இல் மார்க்கோனி பரிசு.

சோனாரில் கழித்த வருடங்கள் வீணானதாக நான் நினைக்கவில்லை. கடலுக்கடியில் ஒலியும் தரையிலும் மேற்பரப்பிலும் பட்டுச் சிதறித்தான் வரும். வரிசையாக உணரிகளை வைத்து, வேண்டியதைப் பிரித்தெடுக்கும் கணக்கு அங்கேயும் அடிப்படை. மலர் கம்பெனியில் செய்த சிக்னல் வேலையும் அப்படித்தான் அவளுக்குக் கைகொடுக்கும். இருபத்திரண்டு வயதுப் பிள்ளைக்கு அந்தக் கைப்பழக்கம் எங்கே வரும்?

அவள் எடுத்திருக்கும் மில்லிமீட்டர் அலை பற்றியும் எழுதியிருந்தாய். நல்ல தேர்வு. அந்த உயர் அலைவரிசையில் அலைகள் வந்து சேரும் வழிகளே குறைவு, மைமோவுக்கு அது பெரிய சவால். செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது.

விடுதி கிடைக்கும்வரை அவள் எங்களோடு இருக்கட்டும், அறை காலியாகத்தான் இருக்கிறது. இங்கிருந்து ரயிலில் பீஷானுக்கு ஒரே நிறுத்தம், அங்கே வட்டப்பாதை ரயிலுக்கு மாறினால் பல்கலைக்கழகம் இருக்கும் கெண்ட் ரிட்ஜ். படிப்பு ஆகஸ்டில் தொடங்கும், ஜூலையிலேயே அனுப்பிவிடு. மருமகன் என்ன சொல்கிறார் என்று நீ எழுதவே இல்லையே? அவரிடம் நானே பேசுகிறேன், நம்பர் அனுப்பு.

அன்புடன்,
சுந்தரம்