கடலூரை விட்டுவிட்டீர்களே!

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பிதழில் உலகப் பெரும்போர்களைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். பானிபட், வாட்டர்லூ, ஸ்டாலின்கிராட் என்று வரிசையாகத் தளபதி யார், ஆயுதம் என்ன, ஜெயித்தது யார் என்று கட்டம் கட்டிப் போட்டிருந்தீர்கள். படிக்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் யாருடைய பீரங்கி பெரிது என்பதைத் தாண்டிக் கட்டுரை நகரவே இல்லை. எங்கள் ஊர்ச் சண்டை ஒன்றைச் சேர்த்திருந்தால் அந்தக் கணக்கு எவ்வளவு தூரம் செல்லும் என்று தெரிந்திருக்கும்.

1783 ஜூன் மாதம். கடலூரைப் பிரெஞ்சுக்காரர்கள் வைத்திருந்தார்கள். தளபதி புஸ்ஸி. 1760இல் வந்தவாசியில் ஆங்கிலேயரிடம் பிடிபட்ட அதே புஸ்ஸிதான். இப்போது வயதாகி, கீல்வாதத்தோடு வந்திருந்தார். ஜெனரல் ஸ்டூவர்ட் தலைமையில் வந்த ஆங்கிலேயப் படை ஜூன் 13 அன்று தாக்கியது. அந்த ஒரே நாளில் அவர்கள் பக்கம் செத்தும் காயம்பட்டும் விழுந்தவர்கள் சுமார் 1000 பேர். ஊர் மட்டும் விழவில்லை. சரி, முற்றுகை போடலாம் என்று உட்கார்ந்தார்கள். ஆனால் ஸ்டூவர்ட்டுக்குச் சோறும் வெடிமருந்தும் கடல் வழியாகத்தான் வரவேண்டும். அதற்குக் காவல், அட்மிரல் ஹியூஸின் 18 போர்க்கப்பல்கள்.

இவற்றை எதிர்க்க வந்தவர் பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி சுஃப்ரேன். அவரிடம் இருந்தவை 15 கப்பல்கள். சதுரங்கப்பட்டினம், நாகப்பட்டினம், திருகோணமலை என்று முந்தைய வருஷமே ஹியூஸோடு நான்கு முறை மோதியவர். பீரங்கிகள் இருந்தன, ஆனால் அவற்றை இழுக்கவும் நிரப்பவும் சுடவும் ஆள் போதவில்லை. அப்புறம் என்ன செய்வது? கரையில் முற்றுகைக்குள் இருந்த புஸ்ஸியிடமிருந்தே 1200 பேரைக் கடன் வாங்கிக் கப்பலில் ஏற்றினார். முற்றுகைக்குள் இருப்பவன் ஆளைக் கொடுப்பது சாதாரணத் துணிச்சல் இல்லை. உங்கள் கட்டத்தில் இதற்கு இடம் உண்டா?

ஜூன் 20 சாயங்காலம், கடலூருக்கு எதிரே, சுமார் மூன்று மணி நேரம் சண்டை. ஒரு கப்பலும் மூழ்கவில்லை. இரு தரப்பிலும் ஆளுக்கு நூறு பேர்போல இறந்தார்கள். குண்டு வீச்சை வைத்துப் பார்த்தால் வெற்றி தோல்வி இல்லை. ஆனால் ஹியூஸின் கப்பல்களில் குடிதண்ணீர் தீர்ந்துகொண்டிருந்தது. மாலுமிகள் பலர், காய்கறி பழம் இல்லாமல் வரும் ஸ்கர்வி நோயில் படுத்துவிட்டார்கள். அவர் சென்னைக்குத் திரும்பினார். கடல் வழி போனதும் ஸ்டூவர்ட்டின் கதி என்ன என்று சொல்லத் தேவையில்லை.

இன்னும் ஒன்று. இது அமெரிக்க சுதந்திரப் போரின் ஒரு பகுதி. அமெரிக்கர்களுக்குத் துணையாகப் பிரான்ஸ் இறங்கியதால் இரண்டு வல்லரசுகளும் உலகம் முழுக்க மோதிக்கொண்டன. ஆனால் அவர்களுக்குள் முதல்கட்ட சமாதான ஒப்பந்தம் 1783 ஜனவரி 20 அன்றே வெர்சாய் நகரில் கையெழுத்தாகிவிட்டது. அந்தச் செய்தி கப்பலேறிக் கடலூர் வந்து சேர்ந்தது ஜூன் கடைசியில். கையெழுத்தாகி ஐந்து மாதம் கழித்துச் செத்தவர்களில் இரு பக்கச் சிப்பாய்களும் உண்டு. அவர்களில் ஒருவர் பெயரும் எந்த வீதிக்கும் இல்லை. புதுச்சேரியில் புஸ்ஸி வீதியும் சுஃப்ரேன் வீதியும் இருக்கின்றன; நாமும் அங்கே ஸ்கூட்டரை நிறுத்திவிட்டுக் காபி குடிக்கப் போகிறோம்.

அடுத்த முறை இப்படி ஒரு இணைப்பு போட்டால், கட்டத்தில் தண்ணீருக்கும் தபாலுக்கும் ஒரு வரி ஒதுக்குங்கள். வாட்டர்லூவைப் பற்றி எழுத உலகத்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள். 1758இல் பிரெஞ்சுத் தளபதி லாலி பிடித்து இடித்த தேவனாம்பட்டினம் கோட்டை, 1781இல் ஹைதர் அலியும் ஆங்கிலேயத் தளபதி அயர் கூட்டும் மோதிய பரங்கிப்பேட்டை, வந்தவாசி எல்லாம் உங்கள் நிருபர் பஸ்ஸிலேயே போய்ப் பார்த்துவிடக்கூடிய இடங்கள்தான்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.