ஆக்சிஜன் எங்கே என்று கேட்டதற்கு

அன்புள்ள சரவணனுக்கு,

மூன்று ஞாயிறாக உன் போன் இல்லை. நாகானோவில் குளிர் அதிகம், அதனால்தான் என்கிறார் அப்பா. ஒளியால் தண்ணீரைப் பிரிக்கிற உன் பொடிக்கு நீ அனுப்பிய கிராஃபில், ஹைட்ரஜனில் பாதி இருக்க வேண்டிய ஆக்சிஜன் குறைந்திருந்தது. அதற்கு 'ஆக்சிஜன் எங்கே?' என்று இரண்டே சொல்லில் பதில் போட்டவள் நான், எனக்குத் தெரியாதா?

பின்வினை என்று முடிவுகட்டிவிடாதே. பொடியில் படியவைத்த ரோடியத்தின் மேல் இரண்டு வாயுவும் சேர்ந்து தண்ணீராகத் திரும்பினால், ஹைட்ரஜன் இரண்டுக்கு ஆக்சிஜன் ஒன்று என்று அதே 2:1-ல்தான் குறையும். விளக்கை அணைத்து அழுத்தத்தைப் பார். இருட்டில் இறங்கினால், பின்வினையைத் தடுக்க வேண்டிய குரோமியம் ஆக்சைடு ரோடியத்தைச் சரியாக மூடவில்லை. ஆக்சிஜன் மட்டும் குறைந்தால், அதை உண்டாக்க வேண்டிய துளைகளை (ஒளி பட்டு எலக்ட்ரான் விலகிய வெற்றிடங்களை) வேறு ஏதோ தின்கிறது. ரோடியம் படியவைக்க மெத்தனால் விட்டாயா? அதுவும் துளைகளைத் தின்னும். விட்டிருந்தால் நன்றாகக் கழுவி, புதுத் தண்ணீரில் போடு. இல்லையென்றால் ஆக்சிஜன் உண்டாக உதவுகிற கோபால்ட்டைப் பார். ரோடியம் 0.1, குரோமியம் 0.05, கோபால்ட் 0.05 எடை சதவீதம், அந்த வரிசையில். 2020-ல் ஜப்பானின் கசுனாரி தோமென் குழுவுக்கு 350-360 நானோமீட்டர் ஒளியில், விழுந்த ஒளித்துகள்களில் 96 சதவீதம் வரை பயன்பட்டதற்கு, இந்த மூன்றும் இடம் மாறாமல் உட்கார்ந்தது முக்கியக் காரணம்.

வாயுக்களைப் பிரித்து அளக்கிற ஜிசி கருவியில் நைட்ரஜனையும் குறித்துவை. நைட்ரஜன் தெரிந்தால் காற்று கசிகிறது. அதன் அளவில் 0.27 மடங்கை ஆக்சிஜனிலிருந்து கழி. கழித்தபின் இன்னும் குறையும், தெரியும். குறையட்டும்.

அலுமினியம் கலந்த ஸ்ட்ரான்சியம் டைட்டனேட், உன் பொடி, வெள்ளை வெளேரென்று இருந்தது. நீலமோ சாம்பலோ தட்டவில்லை, டைட்டானியத்தின் மின்னேற்றம் நான்கிலிருந்து மூன்றுக்கு இறங்கவில்லை என்று பார்த்ததுமே தெரிந்தது. அதைச் சொல்லாமல் குறையைத்தான் சொன்னேன். அந்த இறக்கத்தைத் தடுப்பது அலுமினியம். பொடியைச் சுடுகிற அலுமினா மூசையிலிருந்தும் அது ஏறும், அதனால் மூசையை மாற்றாதே. 1150 டிகிரியில் சுடும்போது உருகிய ஸ்ட்ரான்சியம் குளோரைடு பொடியில் ஒட்டியிருக்கும். கழுவின தண்ணீர் சில்வர் நைட்ரேட்டில் கலங்காத வரை கழுவு. சாப்பிட்டுவிட்டுக் கழுவு.

கலத்தில் சேர்கிற ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் வெடிக்கிற கலவை. நேரே அடைத்துவைக்காதே, அதிகம் சேரவிடாதே. ராத்திரி விளக்கை எரியவிட்டுப் படுக்காதே. மறுபடியும் சொல்கிறேன், எரியவிட்டுப் படுக்காதே.

என் ஆய்வேட்டிலும் ஆக்சிஜன் குறைந்தது. 'பொடியின் மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டது' என்று ஒரு வரி எழுதித் தப்பித்தேன். அளக்கவில்லை. யாரும் கேட்கவில்லை. உன்னிடம் கேட்ட கேள்வி எனக்கு வந்திருக்க வேண்டியது.

நைட்ரஜன் எண்ணை மட்டுமாவது அனுப்பு. வேறெதுவும் எழுத வேண்டாம்.

அம்மா