எதுவானாலும் மெயில்ல போடு

எம்மா, அப்பா எழுதுதேன். நல்லாருக்கியா. இங்க எல்லாரும் சொகம். அம்மைக்கு முட்டுவலி மட்டும் கொஞ்சம் ஜாஸ்தி, அம்பைல இந்த வருசம் பனி அப்படி இருக்கு. போன் அடிச்சா நீ எடுக்க மாட்டேங்க, மீட்டிங்னு ஒரு மெசேஜ் வருது, ஞாயித்துக்கிழமை அடிச்சாலும் மீட்டிங்னுதான் வருது. சரி இருக்கும். அதான் மொத்தமா டைப் பண்ணி அனுப்புதேன், சாவகாசமா படி.

உன் ஆராய்ச்சி வேலையப் பத்தி நான் ஒண்ணும் கேக்கல. கேட்டாலும் எனக்குப் புரியவா போவுது. சும்மா பொதுவா சயின்ஸ் நியூஸ் நாலு படிச்சேன், அதப் பேச இங்க ஆளு இல்ல.

நியூட்ரினோன்னு கண்ணுக்குத் தெரியாத குட்டித் துகள், அது கத நெனவிருக்கா? 2011 செப்டம்பர், நீ அப்ப பிளஸ் டூ. ஜெனீவாலருந்து விட்டது இத்தாலில மலைக்கு அடியில 730 கிலோமீட்டர் தாண்டி வெளிச்சத்த விட 60 நானோசெகண்டு முந்தி வந்துட்டுன்னு நியூஸ், வெளிச்சத்த விட வேகமா எதுவும் போவாதுன்னு சொன்ன ஐன்ஸ்டீன் காலிப்பான்னு நீ தார்சால நின்னு கத்துன, ஆச்சி யாரு செத்துட்டான்னு பதறி எந்திச்சு வந்தா. அடுத்த பிப்ரவரில பாத்தா ஜிபிஎஸ்லருந்து வார ஃபைபர் கேபிள் ஒழுங்கா மாட்டல. லூஸ் கான்டாக்ட்! ஒரு வயர்மேனுக்கு அத விட சந்தோசம் உண்டாம்மா, வேலைக்குப் போற வீட்டுலல்லாம் அதச் சொல்லிச் சொல்லி சிரிச்சேன். இப்ப மறுபடி படிச்சேன், சிரிப்பு வரல. அந்த விஞ்ஞானிக ஒண்ணும் ஏமாத்தலல்லா. மாசக்கணக்கா தேடிப் பாத்தோம், தப்பு எங்களுக்குத் தெரியல, நீங்களும் பாருங்கன்னு சொல்லித்தான் வெளிய விட்டுருக்காவ. அதே சுரங்கத்துல இன்னொரு குரூப்பு அளந்து பாத்து வெளிச்சத்தோட வேகந்தான்னு சொல்லிட்டு. முடிவுல மொதல்ல சொன்ன குரூப்போட தலைவர் மேல நம்பிக்கை இல்லன்னு ஓட்டெடுப்பு நடந்து அவரு பதவிய விட்டாராம். உண்மையச் சொன்னவனுக்கும் அடி உண்டுன்னு தெரியாம ஒண்ணும் நான் பேசல.

2025 ஜூலைல அந்த ஆர்செனிக் ஆராய்ச்சிப் பேப்பர சயின்ஸ் பத்திரிகைக்காரன் வாபஸ் வாங்கிட்டான், பாத்திருப்ப. கலிபோர்னியால மோனோ ஏரில எடுத்த பாக்டீரியா பாஸ்பரசுக்குப் பதிலா ஆர்செனிக்க வச்சு வளருதுன்னு 2010ல வந்தது. 2012லயே ரெண்டு குரூப்பு அப்படி இல்லன்னு காட்டிட்டு, ஆனா வாபஸ் ஆக இத்தன வருசம். எழுதுனவிய இன்னும் ஒத்துக்கிடல. பத்திரிகைக்காரனே இதுல திருட்டுத்தனம் ஒண்ணும் இல்லன்னு சொல்லிருக்கான். வாபஸ்னாலே களவுன்னு இல்ல பாத்துக்கோ. நம்ம ஆளுகளுக்குத்தான் அது புரியாது, ரெண்டும் ஒண்ணும்பான்.

சாப்பிடுதியா நீ? போட்டோல கன்னம் ஒட்டிப்போய்க் கெடக்கு. மயினி மவளுக்கு நிச்சயம் ஆயிட்டு, மாப்ள தென்காசி, தை கடைசில கல்யாணம், அத பொறவு சொல்லுதேன்.

அமெரிக்க விஞ்ஞானி ஃப்ரான்செஸ் ஆர்னால்டு அம்மா விசயத்துக்கு வாரேன். 2018ல கெமிஸ்ட்ரி நோபல். 2019ல வந்த ஒரு பேப்பர 2020 ஜனவரி பிறந்ததும் அவியளே வாபஸ் வாங்கிட்டாவ, திரும்பச் செஞ்சா வரல, நான் ஒழுங்காப் பாக்கலன்னு ட்விட்டர்ல மன்னிப்பும் கேட்டாவ. ஒலகமே கை தட்டுச்சு. நானும் நல்ல மனுசின்னுதான் நெனச்சேன். பொறவு அந்த அறிவிப்ப உன் பெரியத்தான் மவன விட்டு வாசிச்சுச் சொல்லச் சொன்னேன். பேப்பர்ல முதல் பேரா இருக்கவரோட லேப் நோட்டுல அப்பப்ப எழுதிருக்க வேண்டியதும் டேட்டாவும் முக்கியமான இடத்துல இல்லன்னு போட்டுருக்கு. கை தட்டு பெரியவுகளுக்கு, நோட்டு முதல் பேருக்காரருக்கு. அதுல சரி தப்பு எனக்குத் தெரியாது, நான் சொல்லவும் கூடாது. ஆனா அந்தப் பிள்ளைக்கும் ஊருல ஒரு அப்பா இருந்திருப்பாருல்லா. அன்னைக்கி ராத்திரி எனக்கு ஒறக்கம் இல்ல.

உன் பேரு முதல்ல இருக்க பேப்பரோட முதல் பக்கத்த நான் கடைல ஃப்ரேம் போட்டு மாட்டிருக்கேன். ஸ்விட்ச் வாங்க வாரவன்லாம் கேப்பான், நானும் முதல் பேருன்னா வேலை பாத்தவ அவதான்னு அர்த்தம்னு சொல்லுவேன், சில பேருக்கு ரெண்டு தடவ சொல்லிருக்கேன். இப்பவும் அங்கனதான் இருக்கு. கழட்டல, கழட்டவும் மாட்டேன், அத மனசுல வச்சுக்கிட்டு நீ ஒண்ணையும் மறைக்காண்டாம்.

இங்க பாரும்மா, ஏசிக்கு நாலு ஸ்கொயர் தடிச்ச வயரு போடணும்னு சொன்னா வீட்டுக்காரர் ஒண்ணரை போதும்பாரு. நான் வாயால தர்க்கம் பண்ண மாட்டேன். எஸ்டிமேட் சீட்டுலயே "வீட்டுக்காரர் சொன்னபடி 1.5"ன்னு எழுதி கையெழுத்து வாங்கிருவேன். பாதிப்பேரு கையெழுத்து போடும்போதே யோசிச்சு சரி நாலே போடுங்கன்னுருவான். அதனால உங்க புரொபசர் கிட்ட எதச் சொன்னாலும் மெயில்ல போடு. இன்ன தேதில செஞ்சேன், இப்படி வந்துச்சு, போன தடவ வந்த மாதிரி வரலன்னு எழுது. நோட்டுல உள்ளத போட்டோ எடுத்து வையி. அவரு நல்லவராவே இருக்கட்டும், நல்லவருக்கும் மெயில்ல போடு. காப்பி குடிக்கும்போது வாயால சொன்னேன்னு பொறவு சொல்லாத, அது ஒண்ணுக்கும் ஆவாது.

திரும்பச் செஞ்சா வரலங்கது உலகத்துல நடக்காததா. 2015ல சைக்காலஜில நூறு ஆய்வ எடுத்து திரும்பச் செஞ்சு பாத்தாவளாம், நாப்பதுகூடத் தேறல. பேப்பர் எத்தனன்னு எண்ணி வேலை குடுத்தா அப்படித்தான் ஆவும், வராதத எவன் எழுதுவான். இத முன்னாடி நீதான் எனக்குச் சொல்லித் தந்த.

சிவகளை சண்டைய மறந்திருக்க மாட்ட. 2025 ஜனவரில அங்க தோண்டி எடுத்த இரும்பு 5300 வருசப் பழசுன்னு சிஎம் அறிவிச்ச அன்னைக்கி நம்ம ஃபேமிலி குரூப்பே பட்டாசு வெடிச்சுட்டு கெடக்கு, நீ மட்டும் அகமதாபாத் லக்னோ அமெரிக்கான்னு மூணு லேப்புக்கு அனுப்புனது நல்ல விசயம், ஆனா கி.மு. 3345ங்கது கரித்துண்டோட வயசு, அந்தக் கரியும் இரும்பும் ஒரே சமயத்துல உள்ள போனதான்னு பாக்கணும், ஜர்னல்ல வரட்டும்னு போட்ட. ஸ்ரீவைகுண்டம் மாமா குரூப்ப விட்டே போயிட்டாரு, அம்மை கெஞ்சித்தான் திரும்பச் சேத்தா. எனக்கும் சுருக்குன்னுதான் இருந்துச்சு, தாமிரவருணிக் கரைய நம்ம பிள்ளையே இப்படிக் கேக்காளேன்னு. ஆனா ஊருக்கு ஒரு கேள்வி தனக்கு ஒரு கேள்வின்னு வச்சுக்கிடுத பிள்ள இல்ல நீ. அதுல எனக்கு சந்தேகம் கெடையாது. நீ ஏதாச்சும்... இல்ல, அப்படி நான் நெனைக்கல. ஒரு நிமிசம்கூட நெனைக்கல.

பெரியத்தான் மவன் நெட்டுல எதையோ பாத்துட்டு என் கடைக்கு வந்து போன நீட்டுனான். எனக்கு கண்ணாடி இல்லடா பொறவு பாக்கேன்னுட்டேன். அம்மைட்ட சொல்லாதன்னும் சொல்லிருக்கேன். அவன் வாய் நிக்காது, உனக்கே தெரியும். அம்மைக்கு அவன் சொல்லித் தெரியதுக்கும் நீ சொல்லித் தெரியதுக்கும் வித்தியாசம் இருக்கு.

பணம் கிணம் வேணும்னா சொல்லு, கூட்டுறவு பாங்கில போட்டது மார்ச்ல முடியுது. அங்க வேலை இல்லன்னா வீட்டுக்கு வா, மச்சு ரூம்ல பெயிண்ட் அடிச்சாச்சு. வரச் சொல்லி இத எழுதல, பெயிண்ட் அடிச்சதச் சொன்னேன்.

நான் பத்தரை வரைக்கும் முழிச்சிருப்பேன், உங்க ஊருல அப்ப சாயங்காலம் ஆறு. வீடியோ போடாத, அம்மை உன் மூஞ்சியப் பாத்தா கண்டுபிடிச்சுருவா. சும்மா கால் போடு. அதுக்கு முன்னால அந்த மெயில அனுப்பிட்டு போடு.

அப்பா