கணக்கு சாருக்கு 30-க்கு 28

ஏலே மக்கா,

திட்டுறதை மொத்தமா திட்டி முடிச்சிட்டு அப்புறம் படி. தீபாவளிக்கு நீ போட்ட மெசேஜுக்கு பதில் போடல, பேத்தி பிறந்ததுக்கு எட்டிக்கூடப் பாக்கல, எல்லாம் ஒத்துக்கிடுதேன். எங்க யுனிவர்சிட்டில முதியோர் ஆராய்ச்சி மையம் இருக்குல்லா, அதுக்கு என்னைய டைரக்டர் ஆக்கி ஆறு மாசம் ஆச்சு. டைரக்டர்னா பெரிசா நினைச்சுக்கிடாத. ரூம்ல ஏசி உண்டு, ரிமோட்டைக் காணோம். கைப்பிடி பலம் அளக்குற டைனமோமீட்டர் மூணு வாங்கணும்னு ஃபைல் போட்டேன், அது இன்னும் பர்ச்சேஸ் கமிட்டில சுத்திக்கிட்டு கெடக்கு. முதியோர் மையத்துக்கு முதியவனே டைரக்டர்னு நீ சிரிப்ப, தெரியும். 2017-18ல லாசின்னு வயசானவங்களைப் பத்தி ஒரு சர்வே எடுத்தாங்கல்லா, நாடு முழுக்க 72,000 பேருக்கு மேல, அதுல 45 வயசுலயே ஆளைச் சேர்த்துட்டானுவ. அந்தக் கணக்குல நீயும் நானும் என்னைக்கோ உள்ள போயாச்சு.

சரி, எழுத வந்ததைச் சொல்லுதேன். ஆலங்குளம் பக்கம் ஒரு ஊருக்கு ஞாபகசக்தி டெஸ்ட் எடுக்கப் போனோம். பீடி சுத்துற ஆச்சி ஒண்ணு. வயசு கேட்டா எம்.ஜி.ஆரைச் சுட்டப்ப மூத்தவன் வயித்துல இருந்தாங்கா, அப்போ அது 1967 ஜனவரி, ஆதார்ல பாத்தா 1.1.1955, இந்த ஊர்ல பாதிப்பேரு ஜனவரி ஒண்ணாந்தேதிதான் பொறந்திருக்கான். எங்ககிட்ட இருக்குற ஒரே பழைய டைனமோமீட்டரை அமுக்கச் சொன்னேன், 21 கிலோ வந்துச்சு. பொம்பளைங்களுக்கு 18-க்குக் கீழ வந்தாத்தான் பலக்குறைவுன்னு ஆசிய அளவுகோல். "இன்னும் அமுக்கவாய்யா, உடைஞ்சு கிடைஞ்சு போயிராதே?"ன்னு வேற கேக்கா. அதோட நிறுத்தியிருக்கலாம். அடுத்து, 100-லேர்ந்து ஏழேழா கழிச்சுக்கிட்டே வாங்க ஆச்சின்னேன். முழிச்சா. "எதுக்குய்யா கழிக்கணும், யாருக்குக் குடுக்கணும்?" அஞ்சு மார்க் போச்சு. ஒரு வாக்கியம் எழுதுங்க, போச்சு. இதைப் படிச்சு அதுபடி செய்யுங்க, போச்சு. பேப்பர்படி ஆச்சிக்கு மூளை மங்கிருச்சு. நான் சும்மா இருக்காம, ஆச்சி, ஆயிரம் பீடிக்கு எத்தனை கட்டு, அதுல மூணு கட்டு கழிவு போனா மிச்சம் எவ்வளவுன்னேன். கை சுத்திக்கிட்டே இருக்கு, நிமிந்துகூடப் பாக்கல, "37 கட்டு, 925 பீடி".

இந்த டெஸ்டை 1975ல அமெரிக்கால பண்ணினாங்க, 30 மார்க். நம்ம நாட்டுலயே ஹரியானால பல்லப்கர் பக்கம் எழுதப் படிக்கத் தெரியாதவங்களுக்குன்னு ஹிந்தில மாத்தி வச்சிருக்காவ. எழுதச் சொல்ல மாட்டான், உங்க வீட்டைப் பத்திச் சொல்லுங்கம்பான். படிச்சுக் கண்ணை மூடுறதுக்குப் பதிலா, நான் செய்யிறதைப் பாத்து செய்யுங்கம்பான். எவ்வளவு சிம்பிள் பாரு. எங்க மையத்துல இருக்குற தமிழ்த்தாளு ஏதோ ஏஜென்சில காசு குடுத்து மொழிபெயர்த்தது. "கடந்த வாரத்தில் நீங்கள் மனச்சோர்வாக உணர்ந்தீர்களா?" அதே ஆச்சி சொன்னா, "சோறு மூணு வேளையும் திங்கேன்யா."

அன்னைக்கு சிரிச்சேன். போன வாரம் சிரிப்பு வரல.

நம்ம கணக்கு சார் வந்திருந்தாரு. மகன் கூட்டிட்டு வந்தான், "அப்பாவுக்கு ஒண்ணுமில்ல, வயசாச்சுல்லா, அவ்வளவுதான்"னு சொல்லிக்கிட்டே. தேதியைக் காலண்டரைப் பாத்தே சொல்லிட்டாரு, அவரா கொக்கா. கழித்தல் வந்ததும் மனுஷனுக்கு மூஞ்சியே மாறிருச்சுடா, 93, 86, 79, 72, 65, அஞ்சு போதும் சார்னேன், கையைக் காட்டி என்னை அடக்கிட்டு 2 வரைக்கும் வந்தாரு, நிறுத்தி, கண்ணாடிய ஏத்தி விட்டு, "மைனஸ் அஞ்சு"ன்னாரு. மூணு வார்த்தை சொல்லி அப்புறம் கேக்குறதுல மட்டும் ரெண்டு போச்சு. 30-க்கு 28. பாஸ்னா பாஸ், ஃபைலை மூடிரலாம். வாசல் வரைக்கும் கூட நடந்து போனேன். கேட்டுகிட்ட நின்னு ரெண்டு பக்கமும் பாத்தாரு. "தம்பி, எங்க வீடு இதுல எந்தப் பக்கம்?"

தம்பி நான்தான். என்னைய யாருன்னே தெரியல அவருக்கு.

நம்ம நாட்டுல 60 தாண்டினவங்கள்ல 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா, அதான் இந்த மறதி நோய், இருக்கும்னு லாசி டேட்டாவை வச்சு 2023ல மதிப்பு போட்டாங்க, படிக்காதவங்ககிட்ட அதிகம்னும் சொன்னாங்க. அவங்க பாவம் அந்த ஹிந்தித் தாளையெல்லாம் வச்சுப் பாத்துத்தான் செஞ்சாங்க, நான் குறை சொல்லல. என் பேப்பரைத்தான் சொல்லுதேன். நல்லா இருக்குற ஆச்சியைப் பிடிச்சு நோயாளிம்பேன், சாரை வீட்டுக்கு அனுப்பி வைப்பேன், ரெண்டுலயும் கீழ என் கையெழுத்து. சாரை நியூராலஜிஸ்ட்கிட்ட காட்டச் சொல்லி மகன்கிட்ட சண்டை போட்டுட்டேன், அடுத்த வாரம் போறாங்க.

முப்பது வருஷம் தமிழ் வாத்தியாரா இருந்தவன் நீ, உனக்கு இதுல வேலை இருக்கு. வெள்ளிக்கிழமை ராத்திரி தாம்பரத்துல நெல்லை எக்ஸ்பிரஸ் ஏறு. ஸ்லீப்பர் சார்ஜ் மையம் தரும், ஏசிக்கு நீதான் பாத்துக்கிடணும். சனி, ஞாயிறு ரெண்டு நாள் ஆச்சிமார் கூட உக்காந்து கேள்வி ஒவ்வொண்ணையும் அவங்க பேசுற மாதிரி மாத்திருவோம். உன் செந்தமிழைத் தாம்பரத்துலயே வச்சிட்டு வா.

அப்படியே சாரையும் பாத்துரலாம். பழசெல்லாம் கல்லு மாதிரி இருக்கு அவருக்கு. உன் பேரைச் சொன்னதும் சைக்கிள்ல காத்தைப் பிடுங்குன பய தானேன்னாரு. பிடுங்குனது நான்னு உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். நான் ஒண்ணும் திருத்தல.

உன்,
பின்பெஞ்சு