பயிற்சியாளர் கையில் அந்தத் தீர்ப்பை விடாதீர்கள்

அமெரிக்காவின் தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கமாகிய என்.சி.ஏ.ஏ.வின் ஆளுநர் குழுவினருக்கும், அதன் உறுப்புப் பல்கலைக்கழகங்களின் தலைவர்களுக்கும் வணக்கம்.

நான் டல்லாஸில் வசிக்கிறேன். என் மகள் பள்ளிப் படிப்பின் கடைசி ஆண்டில் இருக்கிறாள். வன்முறைப் புகாருக்கு ஆளான கல்லூரி வீரர் தொடர்ந்து ஆடலாமா என்பதை யார் முடிவு செய்வது என்பது பற்றிய இந்த மடலை ஆங்கிலத்திலும் உங்களுக்கு அனுப்பியிருக்கிறேன். பெட்டி படுக்கையோடு பிள்ளைகளை உங்கள் விடுதிகளில் விட்டுவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு வீடு திரும்பும் தமிழ்ப் பெற்றோர் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களும் படிக்க வேண்டும் என்றுதான் தமிழிலும் எழுதுகிறேன்.

சென்ற மாதம் ஆஸ்டின் பக்கம் ஒரு கல்லூரியைப் பார்க்கக் காரில் போனோம். வேக்கோ நகரைத் தாண்டும்போது இடப்பக்கம், பிராசோஸ் ஆற்றங்கரையில், பெய்லர் பல்கலைக்கழகத்தின் மெக்லேன் விளையாட்டரங்கம் தெரியும். 25 கோடி டாலருக்கு மேல் செலவழித்து 2014இல் திறந்தார்கள். "எவ்வளவு அழகாக இருக்கிறது, அம்மா!" என்றாள் மகள். அழகுதான். அந்த 2014ஆம் ஆண்டின் தொடக்கத்தில், பெய்லரின் ஃபுட்பால் அணிக்காக ஆடிய ஒருவருக்குப் பாலியல் வன்கொடுமைக்காக 20 ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. அதை அவளிடம் சொல்ல எனக்கு நா எழவில்லை. தயிர்சாத டப்பாவை எடுத்து நீட்டிப் பேச்சை மாற்றிவிட்டேன். வழி நெடுக அது என்னை உறுத்திக்கொண்டே இருந்தது.

ஃபுட்பால் என்றால் இங்கே பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஆட்டம். சனிக்கிழமைகளில் ஊரே அணியின் நிறத்தில் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பும். அந்த ஆட்டத்தின் மீது எனக்கு வெறுப்பில்லை. வீரர்கள் எல்லாரும் முரடர்கள் என்று நான் நினைக்கவும் இல்லை. வீரர் ஒருவர் மீது வன்முறைப் புகார் வந்தால் அவர் தொடர்ந்து ஆடலாமா கூடாதா என்பதைச் சொல்லும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது? என் கவலையெல்லாம் அது ஒன்றுதான். பெரும்பாலும் அது தலைமைப் பயிற்சியாளரிடம் இருக்கிறது. அந்த வீரர் ஆடினால் வெற்றி பெறுபவர் அவர். ஆடாவிட்டால் வேலையையே இழக்கக்கூடியவரும் அவர். வேலிக்கு ஓணான் சாட்சி என்பார்கள் எங்கள் ஊரில். இங்கே ஓணானை நீதிபதியாகவும் உட்கார வைத்திருக்கிறீர்கள்.

பெய்லரில் நடந்ததையே எடுத்துக்கொள்கிறேன். 2014 ஜூனில் இன்னொரு வீரர் மீது பாலியல் வன்கொடுமைக் குற்றச்சாட்டு முறைப்படி பதிவானது. அந்தப் பருவம் முழுவதும் அவர் ஆடவில்லை. ஏன் ஆடவில்லை என்று பல்கலைக்கழகம் வெளியே சொல்லவும் இல்லை. வழக்கு நிலுவையில் இருக்கும்போதே, 2015 ஜூனில், அணியின் தற்காப்புப் பிரிவுப் பயிற்சியாளர், வரும் பருவத்தில் அவர் களமிறங்குவார் என்று எதிர்பார்ப்பதாக ரசிகர்கள் நிறைந்த கூட்டத்தில் சொன்னார். அந்த ஆகஸ்டிலேயே நீதிமன்ற நடுவர் குழு (ஜூரி) அவரைக் குற்றவாளி என்றது.

அதன்பின் வந்த விசாரணையின் முடிவுகளைப் பல்கலைக்கழகமே 2016 மே 26 அன்று வெளியிட்டது. தலைமைப் பயிற்சியாளர் ஆர்ட் பிரைல்ஸ் வேலை இழந்தார். பல்கலைக்கழகத் தலைவர் கென் ஸ்டார் பதவியிலிருந்து இறக்கப்பட்டார். அந்த அறிக்கையில் ஓரிடம் என்னை உலுக்கிவிட்டது. சில நேரங்களில், புகார் சொன்ன பெண்ணையோ அவளுடைய பெற்றோரையோ ஃபுட்பால் பயிற்சியாளர்களும் ஊழியர்களும் தாங்களே நேரில் சந்தித்திருக்கிறார்கள். பிறகு அந்தப் புகாரை மேலே அனுப்பவே இல்லை. எந்தப் பயிற்சியும் இல்லாமல் தாங்களே விசாரித்து, புகார் சொன்னவர்களை நம்பத் தகாதவர்கள் ஆக்கியிருக்கிறார்கள்.

அந்தத் தாயையோ தந்தையையோ நினைத்துப் பார்க்கிறேன். பெரிய மனிதர், ஊரே மதிக்கிறவர், ஏதாவது செய்வார் என்று நம்பித்தானே அந்த அறைக்குள் போயிருப்பார்கள்? சுவரில் கோப்பைகளும் குழுப் படங்களும் இருந்திருக்கும். எதிரே உட்கார்ந்திருந்தவர் தலையாட்டிக் கேட்டும் இருப்பார். வெளியே வந்தபோது, சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லிவிட்டோம் என்று அவர்கள் நினைத்திருப்பார்கள். நானாக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

2011 முதல் 17 பெண்கள், 19 வீரர்கள் மீதான பாலியல் அல்லது குடும்ப வன்முறைப் புகார்கள் என்று 2016 அக்டோபரில் பெய்லரின் நிர்வாகக் குழுவினரே நாளிதழிடம் கணக்குச் சொன்னார்கள். பயிற்சியாளரை அனுப்பி வைக்கப் பல்கலைக்கழகம் கொடுத்த தொகை 1.5 கோடி டாலர்.

இனி உங்கள் பங்கு. 2021 ஆகஸ்டில் உங்கள் விதிமீறல் குழு தீர்ப்புச் சொன்னது. வீரர்கள் மீதான புகார்களை மேலே தெரிவிக்காமல் விட்டதில் சங்கத்தின் விதி எதையும் பெய்லர் மீறியதாகச் சொல்ல முடியாது என்றது. காரணத்தை இரண்டு முறை படித்த பிறகுதான் நம்ப முடிந்தது. விளையாட்டு வீரருக்கு, மற்ற மாணவருக்குக் கிடைக்காத தனிச் சலுகை கிடைத்திருந்தால்தான் அது உங்கள் விதிப்படி மீறல். பெய்லரிலோ புகார்களைக் கிடப்பில் போடும் வழக்கம் வளாகம் முழுவதற்கும் பொதுவாக இருந்தது. ஆகவே வீரர்களுக்கென்று தனிச் சலுகை இல்லையாம்! தீர்ப்பு எழுதியவர்களே மனம் ஒப்பாமல்தான் அந்த முடிவுக்கு வந்தார்கள் என்பது அதன் வரிகளில் தெரிகிறது. அவர்களை நான் குறை சொல்லவில்லை. கையில் விதி இல்லாதபோது அவர்கள் என்ன செய்வார்கள்? அந்த விதியை எழுத வேண்டியவர்கள் நீங்கள். வேறு மீறல்களுக்காக 4 ஆண்டு நன்னடத்தைக் காலமும் 5,000 டாலர் அபராதமும் விதித்தீர்கள்.

இது பெய்லரோடு நிற்கும் கதை அல்ல. 1995இல் நெப்ராஸ்கா பல்கலைக்கழக ஃபுட்பால் வீரர் லாரன்ஸ் பிலிப்ஸ், அதே பல்கலைக்கழகத்தில் கூடைப்பந்து ஆடிய தன் முன்னாள் தோழியைத் தாக்கி, தலைமுடியைப் பிடித்து மாடிப்படியில் இழுத்துச் சென்றார். பயிற்சியாளர் டாம் ஆஸ்பர்ன் அவரை 6 ஆட்டங்களுக்கு நிறுத்திவைத்து, பிறகு அணிக்குள் சேர்த்துக்கொண்டார். அந்த இளைஞருக்கு ஆட்டத்தின் கட்டுப்பாடு தேவை என்று ஆஸ்பர்ன் உண்மையாகவே நம்பினார். அந்த நம்பிக்கையை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் 1996 ஜனவரியில் தேசியப் பட்டத்துக்காக ஃபுளோரிடாவை 62-24 என்று வென்ற ஆட்டத்தில் 3 முறை பந்தை எதிரணியின் எல்லைக்குள் கொண்டுபோய்ப் புள்ளி (டச்டவுன்) எடுத்தவரும் பிலிப்ஸ்தான். கருணை எது, தேவை எது என்று ஆஸ்பர்னே பிரித்துச் சொல்ல முடியாத இடத்தில் அவரை உட்கார வைத்தது பல்கலைக்கழகம். ஆட்டம் பிலிப்ஸைத் திருத்தவும் இல்லை. வேறு வன்முறைக் குற்றங்களுக்காகத் தண்டனை அனுபவித்தபோது, 2016இல் கலிஃபோர்னியச் சிறை அறையில் இறந்து கிடந்தார். அவருக்கும் இது நல்லதாக முடியவில்லை.

1998இல் ஆரகனில் பிரெண்டா டிரேசி என்ற இளம் தாய் கூட்டு வன்கொடுமைப் புகார் கொடுத்தார். கைதானவர்களில் இருவர் ஆரகன் ஸ்டேட் அணி வீரர்கள். வழக்கு விசாரணைக்கே வராமல் போயிற்று. பயிற்சியாளர் அந்த இருவருக்கும் கொடுத்த தண்டனை, ஆளுக்கு ஓர் ஆட்டம் உட்கார வேண்டும் என்பது.

மறுபக்கத்தையும் நான் மறக்கவில்லை. 2006இல் டியூக் பல்கலைக்கழகத்தில், வலை கட்டிய கோலால் பந்தாடும் லாக்ராஸ் அணியின் மூவர் மீது பொய்க் குற்றச்சாட்டு சுமத்தப்பட்டது. அணியின் பருவமே ரத்தானது, பயிற்சியாளர் வெளியேற்றப்பட்டார். மறு ஆண்டு மாநிலத் தலைமை வழக்கறிஞர் அம்மூவரும் நிரபராதிகள் என்று அறிவித்தார். வழக்குத் தொடுத்த அரசு வழக்கறிஞர் தொழில் உரிமத்தை இழந்தார். இல்லினாய் கூடைப்பந்து வீரர் டெரன்ஸ் ஷானனைக் குற்றச்சாட்டு வந்ததும் நிறுத்திவைத்தார்கள். கூட்டாட்சி நீதிமன்றம் 2024 ஜனவரியில் அவரைத் திரும்ப ஆட அனுமதித்தது. ஜூனில் நடுவர் குழு அவரை விடுதலை செய்தது. இவையும் எங்கள் பிள்ளைகளுக்கு நேரக்கூடியவைதான். எனக்கு ஒரு மகனும் இருக்கிறான்.

அதனால்தான் விதி எழுத்தில் வேண்டும் என்கிறேன். இப்போது நடப்பதைப் பாருங்கள். கடைசி வரிசையில் உட்காரும் வீரர் கைதானால் அன்று மாலையே அணியிலிருந்து நீக்கி அறிக்கை விடுகிறார்கள். அவர் உதவித்தொகை போய், படிப்பும் பாதியில் நிற்கிறது. நட்சத்திர வீரர் கைதானால் "உண்மை தெரியும்வரை பொறுத்திருப்போம்" என்கிறார்கள். இரண்டிலும் நீதி இல்லை. 2022-23 கல்வியாண்டு முதல், வன்முறை தொடர்பான விசாரணையோ தண்டனையோ இருந்தால் வீரர்கள் ஆண்டுதோறும் பல்கலைக்கழகத்திடம் தெரிவிக்க வேண்டும் என்று நீங்கள் கொண்டுவந்தது நல்ல செயல். ஆனால் தெரிவித்த பின் என்ன செய்வது என்பதை அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் விருப்பத்துக்கு விட்டுவிட்டீர்கள். பழைய பயிற்சியாளர் அறைக்கே அது திரும்பிப் போய்விடுகிறது.

கடுமையான வன்முறைக் குற்றச்சாட்டு பதிவானால், அவர் யாராக இருந்தாலும் ஆட்டத்திலிருந்து விலகி நிற்கட்டும். சில நாட்களுக்குள் அவர் தரப்பைக் கேட்கட்டும். கேட்பவர்களில் விளையாட்டுத் துறையின் சம்பளம் வாங்குபவர் ஒருவர்கூட இருக்க வேண்டாம். வழக்கு முடியும்வரை உதவித்தொகையும் படிப்பும் தொடரட்டும். புகார் சொன்ன பெண்ணின் வகுப்பிலோ விடுதியிலோ மட்டும் அவர் இருக்கக் கூடாது. விடுதலையானால் இழந்த ஆட்டப் பருவத்தை அவருக்குத் திருப்பிக் கொடுங்கள். பயிற்சியாளரோ அவருடைய ஊழியரோ புகார் சொன்னவரின் குடும்பத்தைத் தனியே சந்தித்தால், அதுவே விதிமீறல் என்று எழுதுங்கள்.

அன்று நாங்கள் பார்க்கப் போன வளாகத்தில், வழிகாட்டிய மாணவி பின்பக்கமாக நடந்துகொண்டே எல்லாவற்றையும் காட்டினாள். ஓரிடத்தில் நின்று, உச்சியில் நீல விளக்கு எரியும் கம்பம் ஒன்றைத் தொட்டுக் காட்டினாள். ஆபத்து என்றால் இந்தப் பொத்தானை அழுத்தினால் போதும், காவலர் வந்துவிடுவார் என்றாள். பெற்றோர் எல்லாரும் தலையசைத்தோம். காவலர் வந்து போன பிறகு, அந்தப் புகார் யார் மேசைக்குப் போகும் என்று கேட்க எனக்கு வாய்வரை வந்தது. அவளுக்கும் பத்தொன்பது இருபது வயதுதான் இருக்கும். கேட்கவில்லை.

உங்களிடம் கேட்கிறேன். மே 1க்குள் எந்தக் கல்லூரி என்று நாங்கள் முடிவு சொல்ல வேண்டும். மகளின் பட்டியலில் நான்கு பல்கலைக்கழகங்கள் மிஞ்சியிருக்கின்றன. நான்குக்கும் இதே கேள்வியை எழுதியிருக்கிறேன்: குற்றச்சாட்டுக்கு ஆளான வீரர் சனிக்கிழமை களமிறங்கலாமா என்று உங்களிடம் முடிவு செய்பவர் யார், அவருடைய பதவி என்ன, அவருக்குச் சம்பளம் எந்தத் துறையிலிருந்து வருகிறது? இரண்டு இடங்கள் அனுப்பிய, வீரர்களுக்கான கையேட்டில் "தலைமைப் பயிற்சியாளரின் விருப்பப்படி" என்றிருக்கிறது. மற்ற இரண்டிலிருந்து இன்னும் பதில் இல்லை. உங்கள் பதில் அந்தத் தேதிக்கு முன் கிடைத்தால் எங்களுக்கு உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
டல்லாஸிலிருந்து ஒரு தாய்