எங்கள் பள்ளி நர்ஸ் சிஸ்டருக்கும் கூட நின்றவர்களுக்கும்

அன்புள்ள சிஸ்டர், வீடு வீடாக வரும் சுகாதாரப் பணியாளர்களான ஆஷா அக்காமார், சமையல்கார அம்மா, ஆட்டோ அண்ணன் எல்லோருக்கும் வணக்கம்.

கேரளத்தில், பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய எங்கள் தமிழ்வழிப் பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கம் சார்பில் இதை எழுதுகிறேன். ஆண்டு விழாவில் நேரமில்லை என்று இரண்டு வரியில் நன்றி சொல்லி, ஒரு சால்வையும் போர்த்திவிட்டோம். ஊசி போட்டதற்கு மட்டும் என்றால் அது போதும். ஊசிக்கு முன்னாலும் பின்னாலும் சிஸ்டர் அலைந்த அலைச்சலுக்கு அது காணாது.

எங்கள் பிள்ளைகளில் பலருக்கு அம்மா வீடு பொள்ளாச்சிப் பக்கம். பிறப்பு அங்கே, அங்கன்வாடி அங்கே, ஒன்றாம் வகுப்பு இங்கே. தடுப்பூசி அட்டை எந்த வீட்டுப் பரணில் இருக்கிறதோ! 2017-ல் தட்டம்மை ரூபெல்லா ஊசியைத் தமிழ்நாட்டில் பிப்ரவரியிலேயே ஆரம்பித்துவிட்டார்கள். கேரளத்தில் அக்டோபர் ஆனது. “அங்கயே போட்டாச்சுங்க, மறுபடியும் எதுக்கு?” என்று வாசலில் ஒரே சத்தம். வாட்ஸ்அப் வதந்தி வேறு. சிஸ்டர், நீங்கள் பெற்றோரின் ஞாபகத்தை மட்டும் நம்பாமல், அந்தப் பக்கத்துக் கிராம சுகாதார செவிலியரையே போனில் பிடித்து, ஒவ்வொரு பெயராகக் கேட்டுக் குறித்துக்கொண்டீர்கள். இரண்டு மாநிலமும் கடிதம் எழுதிக் கேட்டிருந்தால் பிள்ளைகள் பத்தாம் வகுப்பே முடித்திருப்பார்கள். 10 வயதிலும் 16 வயதிலும் போடும் ரணஜன்னி (டெட்டனஸ்), தொண்டை அடைப்பான் (டிப்தீரியா) ஊசிக்கு இன்றைக்கும் அதே வழிதான்.

வாரம் ஒருமுறை தரும் நீல நிற இரும்புச் சத்து மாத்திரை விஷயத்தில் பாதிப் பெருமை சமையல்கார அம்மாவுக்கு. காலையில் பட்டினியாக வரும் பிள்ளை எது என்று அவருக்குத்தான் தெரியும். முதலில் சோறு, அப்புறம் மாத்திரை என்று அவர் கறாராக நின்றதால் வாந்தி, வயிற்று வலி என்று வந்த புகார் குறைந்தது. மலம் கறுப்பாகப் போகிறதே என்று பயந்து வந்த தாய்மாரை சிஸ்டர் உட்காரவைத்து, இரும்புச் சத்துக்கு அப்படித்தான் போகும், மாத்திரை போட்ட கையோடு டீ மட்டும் கொடுக்காதீர்கள், சத்து உடம்பில் ஒட்டாது என்று சொன்னார். டீ இல்லாமல் இருப்பது எங்கள் ஊரில் லேசுப்பட்ட காரியமில்லை.

விளையாட்டு பீரியடில் நாலடி ஓடினாலே உட்கார்ந்துவிடும் மூன்றாம் வகுப்புப் பெண்ணைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். சோம்பேறித்தனம் என்று வீட்டில் நினைத்திருந்தார்கள். சிஸ்டர் சந்தேகப்பட்டு டாக்டரிடம் அனுப்பினார். இதயத்தில் பிறவிக் குறை. இதற்காகவே கேரள அரசின் ஹிருத்யம் திட்டம் இருக்கிறது, ஆபரேஷனுக்குக் காசு கட்ட வேண்டாம். ஆனால் தோப்பு வேலைக்குப் போகும் குடும்பத்துக்கு ஒருநாள் ஆஸ்பத்திரி என்றால் ஒருநாள் கூலி போச்சு. பாட்டிக்கோ, நெஞ்சைக் கிழிப்பார்கள் என்ற பயம். பொழுது சாய்ந்து அவர்கள் வீடு திரும்பும் நேரம் பார்த்து, சிஸ்டரும் ஆஷா அக்காவும் திரும்பத் திரும்பப் போனார்கள். பதிவு செய்ததும், தேதி வாங்கியதும், பாட்டியைச் சம்மதிக்க வைத்ததும் அவர்கள்தான். பாலக்காட்டுக்குக் கூட்டிப்போன ஆட்டோ அண்ணன் டீசல் காசுக்கு மேல் வாங்கவில்லை. அந்தப் பெண் இப்போது கோகோ ஆடுகிறாள், போதும் என்று சொன்னாலும் கேட்பதில்லை.

எத்தனை ஊசி, எத்தனை மாத்திரை என்று மேலிடத்தில் கணக்குக் கேட்கிறார்கள், சரி. எத்தனை வீட்டுப் படி ஏறினீர்கள் என்று யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. எனக்கு அதில் வருத்தம் உண்டு.

ஜூனில் பள்ளி திறக்கும் முன்பே எல்லாத் தடுப்பூசி அட்டைகளையும் நகல் எடுத்து ஃபைல் போட்டுவைக்கும் வேலையைச் சங்கம் ஏற்றுக்கொள்கிறது. அந்தப் பக்கத்து அட்டைகளையும் சேர்த்துத்தான். ஆபீஸ் ரூமை அடுத்த சின்ன அறைக்கு ஃபேன் மாட்டியாகிவிட்டது, சிஸ்டர். இனி வராந்தாவில் உட்கார வேண்டாம்.

நன்றியுடன்,
பெற்றோர் ஆசிரியர் சங்கத்துக்காக ஒரு தகப்பன்