மாத்திரை பற்றித்தான்

அன்புள்ள குமரனுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். மாமா வீட்டுக் கல்யாணம் நன்றாக நடந்தது, அதை அப்புறம் எழுதுகிறேன். இருமல் நின்றுவிட்டது, எடையும் ஏறியிருக்கிறது என்று போனில் சொன்னாய். சந்தோஷம். டிபி மாத்திரை பற்றிக் கேட்டதும் "ம்" என்று வைத்துவிட்டாய்.

கிருமியைக் கொல்லும் மருந்து நம் உடம்பை மட்டும் விட்டுவைக்குமா என்று கேட்டிருந்தாயே, சரியான கேள்விதான். லேபில் வேலை பார்த்த காலமெல்லாம் சளி ஸ்லைடில் டிபி கிருமியைப் பார்த்தவள் நான். சிவப்புச் சாயம் ஏற்றி அமிலம் விட்டுக் கழுவினால் நம் செல்களில் சாயம் போய்விடும், பிறகு விடும் நீலம்தான் அவற்றில் ஏறும். அந்த நீலத்துக்கு நடுவே கிருமி மட்டும் சின்னச் சிவப்புக் குச்சியாக நிற்கும். சாயத்தைப் பிடித்து வைத்திருப்பது அதன் மெழுகு உறை. உன் மாத்திரைகளில் ஒன்றான ஐசோநியாசிட் அந்த மெழுகைத்தான் உருவாகவிடாமல் தடுக்கிறது. அதுவும் கிருமிக்குள் போய், கிருமியின் நொதி பட்ட பிறகுதான் அதற்கு வீரியமே வருகிறது. நம் செல்லில் அந்த மெழுகு கிடையாது. இன்னொரு மருந்தான ரிஃபாம்பிசின், டிஎன்ஏவிலிருந்து ஆர்என்ஏ படியெடுக்கும் கிருமியின் நொதியில் ஒட்டிக்கொள்ளும். நம்முடைய நொதியின் அமைப்பு வேறு, அதில் ஒட்டாது. சிறுநீர் ஆரஞ்சாகப் போவது மருந்தின் நிறம், பயப்படாதே.

கல்லீரலுக்குத் தொந்தரவு வரலாம், அதை மறைக்க மாட்டேன். கண் மஞ்சளித்தாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ, எத்தாம்புடால் என்ற மாத்திரையால் பார்வை மங்கினாலோ அடுத்த மாத்திரை போடுவதற்கு முன் அன்றைக்கே டாக்டரிடம் போ. மற்றபடி நீயாக நிறுத்தாதே. இருமல் நின்ற பிறகும் சில கிருமிகள் வளராமல் உள்ளே கிடக்கும், அவற்றுக்காகத்தான் 6 மாதம். பாதியில் விட்டால் மருந்துக்கு அடங்காத கிருமியாகத் திரும்பி வரலாம். தெரியாத ஊரில் தனியாக நின்று இவ்வளவு பெரிய வேலை பார்க்கிறாய், அப்பா பார்ப்பவரிடமெல்லாம் சொல்கிறார். மாத்திரை விஷயத்தில் மட்டும் ஏனப்பா இப்படி? நீயாக நிறுத்தாதே.

பொங்கலுக்கு லீவு இல்லை என்றாய். அக்கா குழந்தைக்கு ஒட்டிவிடுமோ என்று தயங்குகிறாயோ? 1956-இல் சென்னையில் தொடங்கிய ஆய்வில், வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டவர்களும் சானடோரியம் என்ற டிபி ஆஸ்பத்திரியில் இருந்தவர்களைப் போலவே தேறினார்கள். அவர்களோடு வீட்டில் இருந்த குடும்பத்தாருக்கும் அதனால் கூடுதலாக நோய் வரவில்லை. மருந்தை விடாமல் சாப்பிட்டு, சளிப் பரிசோதனை நெகட்டிவ் என்று வந்திருந்தால் டாக்டரைக் கேட்டுக்கொண்டு புறப்பட்டு வா.

மாத்திரை அட்டையை போட்டோ எடுத்து இன்றே அனுப்பு.

அம்மா